மார்ச் 27 வந்து போனது, டி கொரோனா போரியாலிஸ் வெடிக்கவில்லை: அந்தத் தேதி எங்கிருந்து வந்தது?

இரவாடி
28 மார்ச் 2025, காலை 6.40

தூங்காத கண்ணோடு எழுதுகிறேன். ஒரு செய்திச் சேனல் "80 ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் நட்சத்திரம், இன்றிரவு வெறும் கண்ணுக்கே தெரியும்" என்று நேற்று நாள் முழுக்க ஓட்டியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அதையே அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் வானம் பார்க்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால், பெரியம்மா உட்பட எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது, நிலவுத் தொல்லை இல்லை. பத்தரைக்கு மேல் வடகிழக்கில், அந்த நட்சத்திரம் இருக்கும் மகுட மண்டலம் (கொரோனா போரியாலிஸ்) நன்றாக ஏறிவிட்டது. அதன் பளிச்சென்ற விண்மீன் அல்ஃபெக்கா இருந்தது, மற்ற பழைய ஆட்களும் இருந்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. விடியும்வரை இல்லை.

டி கொரோனா போரியாலிஸ் (இனிமேல் டி சிஆர்பி என்றே எழுதுகிறேன்) 1866-லும் 1946-லும் வெடித்தது என்பது வரை எனக்குத் தெரியும். இந்த மார்ச் 27 என்ற தேதியை யார், எதை வைத்துச் சொன்னார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.


கணக்கன்
28 மார்ச் 2025, காலை 9.15

பாரிஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த ஷ்னைடர் 2024 அக்டோபரில் ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார். அதிலிருந்துதான் இந்தத் தேதி. கணக்கு மிக எளிது, நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

டி சிஆர்பி என்பது ஒன்றல்ல, இரண்டு: ஒரு செம்பெருமீன் (ஊதிப் பெருத்த முதிய விண்மீன்), அதோடு ஒரு சூடான வெண்குறுமீன் (முதிர்ந்து முடிந்த விண்மீனின் மையக்கரு). இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 227.57 நாள். 1866 மே 12 முதல் 1946 பிப்ரவரி 9 வரை 29,127 நாள். வகுத்தால் 127.99. அதாவது கிட்டத்தட்ட சரியாக 128 சுற்று. எனவே வெடிப்பு சுற்றுப்பாதையின் ஒரே இடத்தில்தான் நிகழ்கிறது என்று வைத்துக்கொண்டு, 1946-லிருந்து 127 சுற்று கூட்டினால் 2025 மார்ச் 27. 128 கூட்டினால் 2025 நவம்பர் 10. 129 கூட்டினால் 2026 ஜூன் 25. இந்த மூன்று தேதிகளையும் அவர் சாத்தியங்களாகத்தான் கொடுத்தார். சேனல்காரர்கள் முதல் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு "இன்றிரவு" என்று போட்டுவிட்டார்கள்.

எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. முதல் காரணம், கையில் இருப்பது ஒரே ஒரு துல்லியமான இடைவெளி. அது தற்செயலாக முழு எண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் விழ நூற்றில் சில வாய்ப்பு உண்டு. அப்படி விழவில்லை என்றால் இந்தக் குறிப்பே எழுதப்பட்டிருக்காது, நாமும் பேசியிருக்க மாட்டோம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இந்த ஜோடியின் பாதை கிட்டத்தட்ட வட்டம். நீள்வட்டமாக இருந்தால் "அருகே வரும்போது செம்பெருமீன் வெண்குறுமீன் மேல் அதிகம் கொட்டுகிறது, அப்போது வெடிக்கிறது" என்று ஒரு கதை சொல்லலாம். வட்டத்தில் எல்லா நாளும் ஒரே தூரம்தான். வெண்குறுமீனுக்குத் தான் சுற்றில் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வழியே இல்லை.


இரவாடி
28 மார்ச் 2025, காலை 9.50

அப்படியென்றால் 2024-லேயே வெடிக்கும் என்று போன வருடம் சொன்னார்களே, அது வேறு கணக்கா?


கணக்கன்
28 மார்ச் 2025, காலை 10.30

வேறு. அது லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்தின் பிராட்லி ஷேஃபர் சொன்னது. அதற்காவது ஓர் அடிப்படை உண்டு: விண்மீனின் ஒளியையே பார்த்துச் சொன்னார். 1938 வாக்கில் டி சிஆர்பி வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிரகாசமான நிலைக்குப் போனது. 1945-ல் திடீரென்று மங்கியது. ஓர் ஆண்டு கழித்து வெடித்தது. இந்த முறையும் 2015-ல் அதே உயர்நிலை தொடங்கியது, 2023-ல் மங்கல் தென்பட்டது. பழைய படத்தின் மேல் புதிய படத்தை வைத்துப் பார்த்தால் 2024 நடுப்பகுதி, கூடக்குறைய நான்கு மாதம் என்று வந்தது. வெடிக்கவில்லை என்பது இப்போது தெரிந்த கதை. ஆனால் இந்த வகைக் கணிப்பு தவறினாலும் அதிலிருந்து ஏதாவது கற்கலாம். வெறும் பெருக்கல் கணக்கு தவறினால் அடுத்த தேதிக்குத் தாவுவதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அதே ஷேஃபர் பழைய பதிவுகளைத் தேடி 1217-ல் ஜெர்மனியின் உர்ஸ்பெர்க் மடத்துத் தலைவர் புர்க்கார்ட் எழுதிவைத்ததும், 1787-ல் இங்கிலாந்தில் வொலாஸ்டன் குறித்ததும் இதே விண்மீனின் வெடிப்புகள்தான் என்று வாதிடுகிறார். 1787 எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1217 பற்றிக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனால் படிக்க நன்றாக இருக்கும்.


புதியவள்
28 மார்ச் 2025, பிற்பகல் 1.05

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி முதலாண்டு படிக்கிறேன், இயற்பியல் இல்லை, வணிகவியல். ஒரு அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீர்கள். நட்சத்திரம் வெடித்தால் அதோடு முடிந்ததுதானே? திரும்பத் திரும்ப எப்படி வெடிக்கும்? பக்கத்தில் இருக்கும் இன்னொன்று என்ன ஆகும்?


பழைய வாத்தியார்
28 மார்ச் 2025, மாலை 5.20

யாரும் சிரிக்க மாட்டார்கள் அம்மா. இந்த இழையில் இதுவரை வந்ததில் நல்ல கேள்வி இதுதான்.

வெடிப்பது விண்மீன் அல்ல, அதன் மேல் படிந்த சரக்கு. எப்படிப் படிகிறது என்று பார்ப்போம். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் முதுமையில் மையத்து ஹைட்ரஜன் தீர்ந்ததும் பல மடங்கு ஊதிப் பெருத்துச் சிவந்துவிடும். அதுதான் செம்பெருமீன். அதன் கூட்டாளி இன்னும் முன்பே முதுமை எய்தி, வெளி உறையை எல்லாம் உதறிவிட்டு, மையக்கரு மட்டும் மிஞ்சிய வெண்குறுமீன். பூமி அளவுதான் இருக்கும், ஆனால் எடை சூரியனுடையது. டி சிஆர்பி-யில் அது சூரியனைப் போல் சுமார் 1.37 மடங்கு என்கிறார்கள். இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்தான்.

இவ்வளவு நெருக்கத்தில் ஊதிப் பெருத்த விண்மீன் உருண்டையாக இருக்க முடியாது. வெண்குறுமீன் இழுக்கிற பக்கம் முட்டை வடிவில் நீண்டு, முனையிலிருந்து ஹைட்ரஜன் ஒழுகுகிறது. அது நேராகப் போய் விழாமல், சுழன்று ஒரு தட்டாகி, பிறகு மெல்ல மேற்பரப்பில் இறங்கிப் படிகிறது. ஆண்டுக்கணக்கில் படியப் படிய அடியில் அழுத்தமும் சூடும் ஏறுகின்றன. சில கோடி டிகிரி வந்ததும் ஹைட்ரஜன் எரிய ஆரம்பிக்கிறது.

இங்கேதான் சூட்சுமம். சாதாரண வாயு சூடானால் விரியும், விரிந்தால் ஆறும், தானே கட்டுக்குள் வரும். சூரியன் அப்படித்தான் நிதானமாக எரிகிறது. ஆனால் வெண்குறுமீன் மேல் அடர்ந்து நசுங்கிக் கிடக்கும் பொருளில் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. சூடேறினாலும் விரியாது. விரியாததால் ஆறாது. குக்கரில் வெயிட் வால்வு அடைத்துக்கொண்ட நிலை. அணுப்பிணைவு மேலும் மேலும் வேகமெடுத்து, கடைசியில் மொத்த உறையும் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே எறியப்படுகிறது. அதுதான் நோவா. கீழே வெண்குறுமீன் அப்படியே இருக்கும். பக்கத்துச் செம்பெருமீனும் இருக்கும், ஒரு பக்கம் நன்றாகச் சுடும், அவ்வளவுதான். பிறகு மறுபடி ஒழுகல், மறுபடி படிதல்.

எல்லா நோவாவும் இப்படித்தான், ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அடுத்த முறை வர ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். டி சிஆர்பி 80 ஆண்டில் திரும்புவதற்குக் காரணம் வெண்குறுமீனின் எடை. எடை கூடினால் ஈர்ப்பு கூடும், கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும் அழுத்தம் வந்துவிடும்.


புதியவள்
28 மார்ச் 2025, மாலை 6.10

நன்றி சார். இப்போது புரிந்தது. அப்படியானால் இது ஒரு ஜோடிதான் என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தொலைநோக்கியில் இரண்டு புள்ளியாகத் தெரியுமா?


ஜவ்வாதுக் காற்று
29 மார்ச் 2025, இரவு 12.30

தெரியாது. 3000 ஒளியாண்டுத் தொலைவில், சூரியன்-பூமி இடைவெளியில் இருக்கும் இரண்டைப் பிரித்துப் பார்க்க நம்மிடம் உள்ள எந்தக் கண்ணாடியாலும் ஆகாது. நிறமாலைதான், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டைதான், காட்டிக்கொடுத்தது.

1932-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மெரில், ஹ்யூமசன் இருவரும் சில விசித்திரமான விண்மீன்களைக் கண்டார்கள். அவற்றின் நிறமாலையில் சிவப்புப் பக்கம் டைட்டானியம் ஆக்சைடின் பட்டைகள் படிப்படியாக வெட்டியிருந்தன. அந்த மூலக்கூறு 4000 கெல்வினுக்கு மேல் தாங்காது, உடைந்துவிடும். அதே நிறமாலையில், நீலப் பக்கம் 4686 ஆங்ஸ்ட்ராமில் (அலைநீள அலகு, பத்து சேர்ந்தால் ஒரு நானோமீட்டர்) அயனியான ஹீலியத்தின் பளிச்சென்ற கோடு. அது எழ வேண்டுமானால் பல பத்தாயிரம் கெல்வின் வேண்டும். ஒரே ஒளிக்கற்றையில் குளிர்ந்த முதுமையும் கொதிக்கும் சூடும். பின்னாளில் மெரில்தான் இவற்றுக்கு சிம்பயாட்டிக் (கூடி வாழும்) விண்மீன்கள் என்று பெயர் வைத்தார். டி சிஆர்பி-யும் இந்த இனம்தான். இது ஜோடிதான் என்று உடனே எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒற்றை விண்மீன்தான், அதைச் சுற்றிக் கொதிக்கும் உறை இருக்கிறது என்று வாதாடியவர்களும் உண்டு. 1978-ல் ஐயுஇ செயற்கைக்கோள் போய்ப் புறஊதாவில் பார்த்து, சூடான ஆளின் ஒளியை நேராகப் பிடித்த பிறகு அந்த வாதம் ஓய்ந்தது.

வீட்டிலேயே பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆறங்குலத் தொலைநோக்கியில் கேமராவுக்கு முன்னால் ஸ்டார் அனலைசர் 100 என்ற, ஒளியை நிறமாகப் பிரிக்கும் சின்னக் கீற்றணித் தட்டைத் திருகினால், விண்மீன் பக்கவாட்டில் ஒரு கோடாக இழுபடும். அல்ஃபெக்காவைப் பார்த்தால் சீரான கோட்டில் ஹைட்ரஜனின் சில கருப்புக் கீறல்கள். அப்படியே டி சிஆர்பி-க்குப் போனால் சிவப்புப் பக்கம் முழுக்க மேடு பள்ளம். ஒவ்வொரு பட்டையும் ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டி, மறுபக்கம் சரிந்து ஏறும். அந்த மேடுபள்ளத்துக்கு நடுவே 6563-ல் ஹைட்ரஜன் மட்டும் ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும். பட்டைகள் பெரியவருடையது, அந்த நிமிர்ந்த கோட்டுக்குக் காரணம் சின்னவர்.


மாலதி அக்கா
29 மார்ச் 2025, காலை 7.45

ஜவ்வாது, 6825 கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே. நம்ம ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது.


ஜவ்வாதுக் காற்று
29 மார்ச் 2025, இரவு 9.20

அக்கா கேட்டால் மறுக்க முடியுமா. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான், அதனால்தான் தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

பல சிம்பயாட்டிக் விண்மீன்களின் நிறமாலையில் 6825, 7082 ஆங்ஸ்ட்ராம் என்ற இரண்டு இடங்களில் அகலமான உமிழ்வுகள் தெரிந்தன. எந்தத் தனிமத்தின் பட்டியலிலும் அந்த இடங்கள் இல்லை. பல ஆண்டுகள் பெயர் தெரியாத கோடுகளாகவே இருந்தன. அதைவிட விசித்திரம், வேறு எந்த வகை விண்மீனிலும் கிட்டத்தட்ட இவை தெரிவதில்லை. அகலமும் அசாதாரணம்: மற்றக் கோடுகள் ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ராம் இருக்கும் இடத்தில் இவை 20 ஆங்ஸ்ட்ராம் வரை பரந்து கிடக்கும்.

1989-ல் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்மிட் விடை சொன்னார்: ராமன் சிதறல். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த அதே சி. வி. ராமன், 1928-ல் கண்டுபிடித்த அதே விளைவு. சூடான வெண்குறுமீனின் பக்கத்தில் ஆக்சிஜன் ஐந்து எலக்ட்ரான் இழந்து நிற்கிறது. அது 1032 ஆங்ஸ்ட்ராமில் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளித்துகள் போய்ச் செம்பெருமீனின் காற்றில் இருக்கும் நடுநிலை ஹைட்ரஜன் அணுவில் மோதுகிறது. அணு அதில் ஒரு பங்கு ஆற்றலை, அதாவது லைமன் ஆல்ஃபா என்ற 1215.67 ஆங்ஸ்ட்ராம் ஹைட்ரஜன் கோட்டுக்கு உரியதை, தனக்கு வைத்துக்கொண்டு மீதியை விடுகிறது.

கணக்கன் இருப்பதால் கணக்காகவே போடுகிறேன். நானோமீட்டரில் எடுத்தால், 1/103.19 என்பது 0.0096908. 1/121.567 என்பது 0.0082259. கழித்தால் 0.0014649. தலைகீழாக்கினால் 682.6. வெற்றிடத்திலிருந்து காற்றுக்கு மாற்றினால் 682.5 நானோமீட்டர், அதாவது நமது 6825. அதே ஆக்சிஜனின் 1038-ஐ வைத்துச் செய்தால் 7082 வரும். அகலத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது: அலைநீளம் 6.6 மடங்கு நீள்வதால், மூலக் கோட்டில் இருந்த சின்ன அகலமும் பெருகித் தெரிகிறது.

ஏன் இந்த வகையில் மட்டும்? ஆக்சிஜனை ஐந்து எலக்ட்ரான் இழக்கவைக்க ஒரு லட்சம் கெல்வின் அளவுக்குச் சூடு வேண்டும். அதன் பக்கத்திலேயே அந்தச் சூட்டால் அழியாத அளவுக்கு ஏராளமாக நடுநிலை ஹைட்ரஜனும் வேண்டும். இரண்டும் பக்கத்து வீட்டில் இருப்பது இந்த ஜோடிகளில்தான். ஏறத்தாழ பாதி சிம்பயாட்டிக் விண்மீன்களில் இந்தக் கோடு உண்டு, பார்த்தால் போதும், வேறு சான்றே வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் பென்சீன் குப்பிகளை வைத்துப் பார்த்த விளைவு, அணு ஹைட்ரஜனில் வானத்தில் முதலில் தெரிந்தது.


மாலதி அக்கா
29 மார்ச் 2025, இரவு 10.05

இதோடு ஒரு கொசுறு: வெண்குறுமீனின் எடைக்கு 1.4 சூரியன் என்று எல்லை போட்ட சுப்பிரமணியன் சந்திரசேகரின் அப்பாவுக்குத் தம்பிதான் ராமன். சித்தப்பாவின் விளைவும் அண்ணன் மகனின் எல்லையும் ஒரே இனத்து விண்மீன்களில் வேலைக்கு வருகின்றன.


நெருப்புக்கோழி
30 மார்ச் 2025, காலை 11.00

எல்லை 1.4. டி சிஆர்பி இப்போதே 1.37. நீங்கள் எல்லோரும் நோவா நோவா என்கிறீர்கள், இது அடுத்த சூப்பர்நோவா, அதாவது வெண்குறுமீனே மொத்தமாகச் சிதறும் வெடிப்பு, என்பதைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? அடுத்த வெடிப்பில் எல்லையைத் தாண்டிவிட்டால்? 3000 ஒளியாண்டு என்பது நம்ம பேட்டைதானே.


கணக்கன்
30 மார்ச் 2025, பிற்பகல் 12.20

தாண்ட வேண்டுமானால் சேர்வது கூடவும் எறிவது குறைவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நோவாவிலும் சேர்த்ததைவிட அதிகமாக எறிகிறதா, கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறதா என்பதில்தான் சண்டையே. 80 ஆண்டில் சேர்வதோ சூரியனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கணக்கில். முழுவதையும் மிச்சம் பிடித்தாலும் 1.37-லிருந்து 1.4-க்குப் போக எத்தனை வெடிப்பு வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். அதற்கு மேல், அந்த வெண்குறுமீன் கார்பன்-ஆக்சிஜனாக இல்லாமல் ஆக்சிஜன்-நியானாக இருந்தால், எல்லையைத் தொட்டதும் வெடிக்காது, சுருங்கி நியூட்ரான் விண்மீனாகிவிடும்.

பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இப்படி வெண்குறுமீன் சிதறும் முதல்வகை ஏ சூப்பர்நோவாவின் தனிப்பொலிவு -19.3 (பொலிவெண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). 3000 ஒளியாண்டில் வைத்தால் நமக்குச் சுமார் -9.5 என்று தெரியும். அரைநிலாவைவிடக் கொஞ்சம் குறைவு. இரவில் நிழல் விழும், அவ்வளவுதான்.


பழைய வாத்தியார்
30 மார்ச் 2025, மாலை 4.40

இரண்டு பக்கமும் சான்று இருப்பதால் நெருப்புக்கோழியை ஒரேயடியாக அடக்க வேண்டாம். 2011-ல் எம்101 விண்மீன் திரளில் வெடித்த சூப்பர்நோவா 2011எஃப்ஈ மிக அருகில் நடந்தது. அந்த இடத்தை வெடிப்புக்கு முன்பே ஹபிள் எடுத்திருந்தது. பழைய படத்தில் பிரகாசமான செம்பெருமீன் எதுவும் இல்லை. அதாவது அந்த வெடிப்பின் பெற்றோர் இந்த ஜோடி வகை அல்ல. ஆனால் அதே ஆண்டு கண்ட பிடிஎஃப்11கேஎக்ஸ் என்ற இன்னொன்றில், வெடித்த பொருள் போகும் வழியில் முன்பே எறியப்பட்ட ஹைட்ரஜன் ஓடுகளில் மோதியது தெரிந்தது. ஆராய்ந்தவர்கள் அதற்கு முன்னோடி ஒரு சிம்பயாட்டிக் நோவாதான் என்றார்கள். ஆக, சில இப்படி வரலாம், பெரும்பாலானவை வேறு வழியில்.


நெருப்புக்கோழி
30 மார்ச் 2025, மாலை 5.00

சில வரலாம் என்றுதானே நானும் சொன்னேன்.


கணக்கன்
30 மார்ச் 2025, மாலை 5.04

"அடுத்த வெடிப்பில்" என்று சொன்னீர்கள்.


நிர்வாகி
30 மார்ச் 2025, மாலை 5.30

இருவரும் இதோடு விடுங்கள். சுவாதி நட்சத்திரக்காரர்களுக்கு இந்த வெடிப்பால் பலன் என்ன என்று கேட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு தளங்கள் இருக்கின்றன.


மாலதி அக்கா
2 ஏப்ரல் 2025, இரவு 8.15

எல்லோரும் டி சிஆர்பி பின்னாலேயே போவது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. இந்த இனத்தில் இதைவிட ருசியான ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆர்எஸ் ஓஃபியூக்கி. வெடித்தது 1898, 1933, 1958, 1967, 1985, 2006, கடைசியாக 2021 ஆகஸ்ட் 8. சிலருக்கு வாழ்நாளில் நான்கு முறை கிடைத்திருக்கும். 1985 வெடிப்பைக் காவலூர் வானாய்வகத்திலிருந்து அனுபமாவும் பிரபுவும் நிறமாலை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2006-ல் புனே அருகில் உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோத் தொலைநோக்கி அதைக் கேட்டது. 2021-ல் நடந்ததுதான் பெரிய செய்தி. சாதாரண நோவாவில் எறியப்பட்ட உறை வெற்றிடத்தில் விரியும். இங்கே அது செம்பெருமீன் ஏற்கெனவே ஊதிவைத்த காற்றுக்குள் பாய்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் போகும் அதிர்வலை அங்கே துகள்களை முடுக்கிவிட்டு காமா கதிர் கிளப்புகிறது. நமீபியாவின் எச்.இ.எஸ்.எஸ். தொலைநோக்கிகளும் ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள மேஜிக் தொலைநோக்கிகளும் அதைப் பிடித்தன. ஒரு நோவாவிலிருந்து அவ்வளவு உயர் ஆற்றல் கதிரைப் பார்த்தது அதுவே முதல் தடவை. டி சிஆர்பி வெடிக்கும்போதும் அவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள், வெறும் கண்ணுக்குத் தெரிவதற்காக அல்ல.

ஏஜி பெகாசி. நோவா என்றால் ஒரே இரவில் ஏறும் என்று நினைப்பவர்களுக்கு மருந்து. 1850-களில் ஏற ஆரம்பித்து, ஒன்பதாம் பொலிவெண்ணிலிருந்து ஆறுக்கு வரவே பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது, இறங்க நூறு ஆண்டுக்கு மேல். வெண்குறுமீன் எடை குறைந்தது என்பதால் எல்லாம் நிதானம். அது முழுசாக இறங்கி முடித்தது என்று நினைத்தால் 2015-ல் வேறு வகையாக மறுபடி ஒரு சின்ன ஆட்டம் போட்டது.

ஆர் அக்வாரி. சுமார் 700 ஒளியாண்டு, இந்த இனத்தில் நமக்கு மிக நெருங்கியவர்களில் ஒருவர். பெரியவர் 387 நாளுக்கு ஒருமுறை துடிக்கும் மீரா வகை. இருவரும் ஒருவரையொருவர் சுற்ற நாற்பது ஆண்டுக்கு மேல். ஹபிள் எடுத்த படத்தில் முறுக்கிக்கொண்டு பாயும் தாரைகள் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

கூட்டாளி எப்போதும் வெண்குறுமீனாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஜிஎக்ஸ் 1+4 என்ற ஜோடியில் அது நியூட்ரான் விண்மீன். 1970-ல் பலூனில் அனுப்பிய எக்ஸ்கதிர்க் கருவியில் மாட்டியது.


யாழ் கரையோரம்
18 ஏப்ரல் 2025, இரவு 9.40

வணக்கம். அமைதியாக வாசிக்கிற ஆள் நான். எங்கட பக்கம் வானம் நல்ல இருட்டு. இரவாடி அண்ணை, இப்ப வெடிக்காமல் இருக்கேக்க இதைப் பைனாகுலரில பிடிக்கலாமோ? 10x50 இருக்கு. வெடிச்சால்தான் தெரியும் எண்டு சும்மா இருக்க மனம் வரேல்ல.


இரவாடி
18 ஏப்ரல் 2025, இரவு 11.15

தம்பி, இருட்டு நன்றாக இருந்தால் விளிம்பில் கிடைக்கும், உறுதி சொல்ல மாட்டேன். டி சிஆர்பி இப்போது பத்தாம் பொலிவெண் பக்கம். 10x50-க்கு அது எல்லைக்கோடு. நாலு அங்குலத் தொலைநோக்கி இருந்தால் கவலையே இல்லை.

வழி இதுதான். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை நீட்டினால் சுவாதி. சுவாதிக்குக் கிழக்கே, அபிஜித்துக்குப் போகும் வழியில், அரைவட்டமாக ஏழு விண்மீன் தெரியும், அதுதான் மகுடம். நடுவில் பளிச்சென்று இருப்பது அல்ஃபெக்கா. அரைவட்டத்தின் கிழக்கு முனைப் பக்கம் நாலாம் பொலிவெண்ணில் எப்சிலான். எப்சிலானிலிருந்து தென்-தென்கிழக்கே ஒரு டிகிரி, அவ்வளவுதான். பைனாகுலர் பார்வை வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் என்று வைத்துக்கொள். உனக்கு மே நடுவில் நள்ளிரவு பன்னிரண்டரை வாக்கில் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே வந்துவிடும்.

நான் மார்ச் 27-க்குப் பிறகு செய்வது வேறு ஒன்றுமில்லை. முடிந்த இரவுகளில் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பொலிவெண் மதிப்பிட்டு, ஏஏவிஎஸ்ஓ-வில் (ஒளி மாறும் விண்மீன்களைப் பார்ப்பவர்களின் அமெரிக்கச் சங்கம்) பதிகிறேன். வரைபடம் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்.


கணக்கன்
19 ஏப்ரல் 2025, காலை 8.30

ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கொள்ளுங்கள். வாத்தியார் சொன்ன முட்டை வடிவம் இருக்கிறதல்லவா, அது சுற்றும்போது ஒரு சமயம் அகலப் பக்கத்தைக் காட்டும், ஒரு சமயம் முனையைக் காட்டும். அதனால் சுமார் 114 நாளுக்கு ஒருமுறை ஒளி தானாகவே 9.8-க்கும் 10.2-க்கும் இடையே ஏறி இறங்கும். போன ஆண்டு "ஏறுகிறது, ஏறுகிறது" என்று கூவியவர்களில் பாதிப் பேர் பார்த்தது இதைத்தான். ஒன்பதைவிடப் பிரகாசமானால் சொல்லுங்கள், எழுந்து வருகிறேன்.


பழைய வாத்தியார்
19 ஏப்ரல் 2025, மாலை 6.00

யாழ்ப்பாணத்துத் தம்பி, சும்மா இருக்க மனம் வரவில்லை என்றது எனக்குப் பிடித்திருக்கிறது. 1866-ல் இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் அயர்லாந்தின் டூவாம் ஊர் ஜான் பர்மிங்ஹாம். நண்பர் வீட்டிலிருந்து நடந்து திரும்பும்போது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். அவர் எழுதித்தான் வானியலாளர் ஹக்கின்ஸ் நிறமாலை பார்த்தார், ஒரு நோவாவை நிறமாலையில் பார்த்தது அதுவே முதல் முறை. 1946-ல் சோவியத் ரயில்பாதைக் காவலர் கமென்சுக் வேலை நேரத்தில் கண்டார். ஆனால் ஒஹாயோவில் லெஸ்லி பெல்டியர் என்ற தேர்ந்த அமெச்சூர் இருபத்தைந்து ஆண்டு இந்த விண்மீனைக் காவல் காத்தவர். அந்த இரவு இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்தார். வானம் தெளிவு, ஆனால் தொண்டை கரகரத்தது. சளி பிடிக்கும் என்று மறுபடி படுத்துவிட்டார். அன்றுதான் வெடித்தது.

ஆனாலும் 1945-ல் மங்கியது நமக்குத் தெரிவது அவரைப் போன்றவர்கள் ஒன்றும் நடக்காத இரவுகளில் எழுதிவைத்த எண்களால்தான். பர்மிங்ஹாம் ஒரு தேதி கொடுத்தார். பெல்டியர் ஒளிவரைபடம் கொடுத்தார். ஆராய்ச்சிக்கு எது உதவியது என்று கணக்கனைக் கேளுங்கள்.


கணக்கன்
19 ஏப்ரல் 2025, மாலை 6.20

வரைபடம்தான். தேதியை வைத்து என்ன செய்தார்கள் என்று மார்ச்சில் பார்த்தோமே.


யாழ் கரையோரம்
2 மே 2025, இரவு 11.50

நேற்று இரவு பிடிச்சுப்போட்டன்! நேராகப் பார்த்தால் இல்லை, கண்ணைக் கொஞ்சம் பக்கம் திருப்பினால் இருக்கு. பைனாகுலரைச் சுவரில முண்டு குடுத்துத்தான் பார்த்தனான். 10.0 எண்டு குறிச்சு வைச்சிருக்கிறன், சரியோ தெரியாது.


இரவாடி
3 மே 2025, காலை 7.00

சபாஷ் தம்பி. நானும் நேற்று 10.0 என்றுதான் குறித்தேன். அப்படியே பதிந்துவிடு.

அப்புறம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். ஷ்னைடர் கணக்கின் அடுத்த தேதி நவம்பர் 10. கணக்கன் சொன்ன காரணங்களால் எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் சேனல்கள் மறுபடி கிளம்பும், பெரியம்மா மறுபடி கேட்பார். சிக்கல் என்னவென்றால், அந்த நாட்களில் சூரியன் பக்கத்தில் வந்துவிடும். சூரியன் மறைந்த பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வடமேற்கில் தாழ்வாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை வேறு. உண்மையிலேயே அந்த வாரத்தில் வெடித்தால் நம் பக்கத்தில் ஒருவரும் பார்க்காமல் போகலாம். ஒரு வாரத்தில் வெறும் கண்ணுக்கு மறைந்துவிடும் சரக்கு இது. சேலம், கோவை, நெல்லை, யாழ்ப்பாணம், எங்கே இருந்தாலும் சரி: வடமேற்கு அடிவானம் மரமோ கட்டடமோ மறைக்காமல் இருக்கிறவர்கள் இங்கே பெயர் போடுங்கள். அக்டோபரில் யார் எந்த நாள் என்று பிரித்துக்கொள்வோம்.


நெருப்புக்கோழி
3 மே 2025, காலை 7.25

திருப்பூர். மாடியில் வடமேற்கு முழுக்கத் திறந்த வெளி. செவ்வாய், வெள்ளி நான் பார்க்கிறேன்.